அரைச் சுற்று

பதுளையில் மாணிக்கராஜின் கராஜுக்குக் கார் வந்தால், எந்தத் தேயிலைத் தோட்டம் என்றுதான் முதலில் கேட்பார். மலையில் மேலே போகப் போகக் காற்று இளைக்கும். அதற்கேற்பக் காபுரேட்டர் திருகாணியை இறுக்கிப் பெட்ரோலைக் குறைக்க வேண்டும். லுணுகலைக்கு இரண்டு சுற்றுத் திறப்பு, அதைவிட உயரமான பூனாகலைக்கு ஒன்றரை.

தோட்டத்து டாக்டர் பரமலிங்கத்தின் கார் லுணுகலையில் ஓடுவது. மாணிக்கராஜ் இரண்டில் வைத்து அனுப்பினார். அடுத்த கிழமை கரும்புகை கக்கிக்கொண்டு வந்தது. ஒன்றரையில்தான் சீராக ஓடியது. அதற்கடுத்த கிழமை ஒன்றில். இன்று அரைச் சுற்றில். யாராவது திருகினால் தெரியட்டும் என்று திருகாணியில் அவர் தடவிய சிவப்புப் பெயின்ட் ஒவ்வொரு முறையும் கலையாமலே இருந்தது. வேறு காபுரேட்டர் மாற்றிப் பார்த்தார். அதுவும் அரைச் சுற்றையே கேட்டது.

"மேல எங்கயாச்சும் போனீங்களா ஐயா?"

"லுணுகலையை விட்டா இஞ்சதான் வாறன். நேற்றும் நடுவழியில நிண்டுட்டுது. ஒரு பிரசவத்துக்குப் போய்ச் சேரேல்லை."

"அரைச் சுத்து வைக்கிற உயரத்துக்கு இந்த நாட்டுல மலையே இல்லீங்க."

மாணிக்கராஜ் காருக்குள் ஏறி, புகை வராமல் கதவைச் சாத்திக்கொண்டு என்ஜினை ஓடவிட்டார். மலைப்பாதை ஏற்றத்தில் அடைப்பதுபோல இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. கார் அசையவில்லை.

டாக்டர் வெளியே நின்று ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார். அவருடைய விரல்கள் கண்ணாடியில் படுவது தெரிந்தது. சத்தம் மட்டும் எங்கோ கீழே, ஆழத்திலிருந்து வந்தது.