வெட்டாத காது

பங்கு வாரத்துக்கு ஆடு மேய்த்தால், ஈனும் குட்டிகளில் கொழுத்தது ஆட்டுக்காரருக்கு, நோஞ்சான் மேய்த்தவளுக்கு. அந்தப் பழக்கத்தில்தான் ஆட்டுக்காரர் சங்கரபாண்டி மாடத்தியின் கொட்டிலுக்குள் புகுந்து பெரிய குட்டியைத் தூக்கினார். தன் அடையாளமாகக் காதை வெட்டக் கத்தியை விரித்தார்.

மாடத்தி குட்டியின் காதை உள்ளங்கைக்குள் பொத்தினாள்.

“கத்திய மடக்குங்க அண்ணாச்சி. ஒங்க ஆடு அந்தா நிக்கி, இன்னும் ஈனல. இது கவர்மெண்டு எனக்குக் குடுத்த ஆடு போட்ட குட்டி.”

தாயாட்டின் காதில் அரசாங்கத்து மஞ்சள் வில்லை ஆடியது.

“ஓசி ஆட்டுக்கு இம்புட்டுத் திமிரா?”

“நீங்க வருசா வருசம் தூக்கிட்டுப் போனதும் ஓசிக் குட்டிதான?”

அவர் பிடி தளர்ந்தது. குட்டி குதித்தோடி, முழுசான இரண்டு காதுகளும் ஆட, தாய்மடியை முட்டி முட்டிக் குடித்தது. மாடத்தி கொட்டில் படலை அவர் வெளியே போக அகலத் திறந்துவிட்டாள்.