கிளிக்கூண்டின் கதவு

விடுதிக் கிளியின் கூண்டைத் திறந்துவிட்டது ஜெசிந்தாதான். அது பறப்பதைப் பார்க்க ஆசைப்பட்டாள், பூனை முந்திக்கொண்டது. வார்டன் விசாரித்தபோது, பக்கத்தில் நின்ற புஷ்பலதாவை ஏன் கைகாட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. புஷ்பலதா திருதிருவென்று விழித்துவிட்டு, "நான்தான் மிஸ்" என்று தலைகுனிந்தாள். அவளை வெயிலில் முட்டி போட வைத்தார்கள்.

மாலையில் ஜெசிந்தா அவளுக்குத் தண்ணீர் கொண்டுபோனாள்.

"ஏன்டி ஒத்துக்கிட்ட?"

"காலைல தீனி வச்சது நான்தானே. கதவைச் சாத்தாம வந்திருப்பேன். நீ பொய் சொல்லமாட்டியே."

ஜெசிந்தாவுக்குள் இதுவரை அறியாத ஒரு தித்திப்பு ஊறியது. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"ஆமாடி, நான் பார்த்தேன்" என்று வந்தது.

புஷ்பலதா நிம்மதியாகத் தண்ணீரைக் குடித்தாள்.