ரூபேஷுக்கு ஒரு சந்தேகம்

"கரோலின் மேடம், இன்னிக்கும் பாத் சுருங்குது. என்ன பண்றது?"

காலை ரயில் உரிகம் ஸ்டேஷனைத் தாண்டியிருக்காது. அதற்குள் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ரூபேஷின் சந்தேகம் வந்து விழுந்துவிட்டது.

கரோலினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாரு நளினி, அடுத்த பெட்டியிலதான் ஏறினான். எழுந்து வந்து கேட்டா இன்னா? ஊரைக் கூட்டி வெச்சி கேக்கறான்."

"உங்க மேல அவ்ளோ மரியாதை," என்று நளினி சிரித்தாள். அவள் வேறு கம்பெனி. ரயிலில் மட்டும் தினமும் பக்கத்து சீட்.

"மரியாதையா? நேர்ல அக்கா, குரூப்ல மேடம். கிண்டல் பண்றான்."

பெங்களூரில் ஒரு விளம்பர போர்டு கம்பெனி. அதில் ஸ்டிக்கர் வெட்டும் பிரிவில் இருப்பது இரண்டே பேர், இருவருமே கோலார் தங்கவயல் ஆட்கள். மாடி ஏறி மேனேஜர் திலீப்பிடம் பேசுவது ரூபேஷ். கீழே கம்ப்யூட்டர் முன்னால் தலை நிமிராமல் வேலை பார்ப்பது கரோலின். ஆறு வருஷமாக அப்படித்தான் ஓடுகிறது. திலீப் மாடியிலிருந்து கீழே இறங்கி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

போன மாதம் ஒரு பேச்சு கிளம்பியது. இரண்டு பேரில் ஒருவர் போகப் போகிறாராம். அன்றைக்குப் பிடித்ததுதான் ரூபேஷுக்கு இந்தச் சந்தேக வியாதி. கரோலினுக்கோ பயம். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

லேப்டாப்பை மடியில் வைத்து, அவன் அனுப்பிய ஃபைலைத் திறந்தாள். ஏதோ ஒரு பேக்கரியின் பெயர். கம்ப்யூட்டரில் வரைந்த கோட்டைத்தான் பாத் என்பார்கள். அதன் மேல்தான் மெஷினின் கத்தி ஓடும். கோடு சுருங்கினால் ஸ்டிக்கரும் சுருங்கும்.

அகலம் முப்பது சென்டிமீட்டர் என்று கொடுத்தாள். எழுத்து இருபதில் நின்றது. மறுபடி கொடுத்தாள். மறுபடியும் இருபது.

கோபம் எங்கேயோ போய்விட்டது. புதிர் என்று ஒன்று கிடைத்தால் அவளுக்குச் சோறு வேண்டாம்.

கோட்டின் தடிமனையும் அளவில் சேர்த்துவிட்டானா? இல்லை, அது முதல் வாரத்துத் தப்பு. எழுத்துக்குள் இருக்கும் ஓட்டையைத் தனி வெள்ளைத் துண்டாக ஒட்டி வைத்திருக்கிறானா? எழுத்தை ஒல்லியாக்கினால் ஓட்டை பெரிதாக வேண்டும், துண்டாக இருந்தால் அதுவும் கூடவே சுருங்கும். அதுவும் இல்லை, அது போன வாரத்துத் தப்பு.

நிறங்களை எல்லாம் அணைத்துவிட்டு வெறும் கோடுகளை மட்டும் காட்டச் சொன்னாள்.

இடது ஓரத்தில், எழுத்தைவிட்டு வெகு தள்ளி, ஒரு புள்ளி இருந்தது. நிறம் இல்லாத புள்ளி. எழுத்தோடு சேர்த்து ஒரே கட்டாகக் கட்டியிருந்தது. சாஃப்ட்வேர் பாவம், அந்தப் புள்ளியையும் சேர்த்து முப்பது என்று அளந்திருக்கிறது.

"கண்டுபுடிச்சிட்டீங்களா?" என்றாள் நளினி.

"கண்டுபுடிச்சேன். ஆனா..."

புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவில் மிகச் சரியாகப் பத்து சென்டிமீட்டர். கை தவறி விழுகிற புள்ளி டேப் வைத்து அளந்தா விழும்?

பழைய ஃபைல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். செய்த தப்பு எதுவும் இரண்டாம் முறை வரவில்லை. தெரியாதவனாக இருந்தால் ஒரே தப்பையல்லவா திரும்பத் திரும்பச் செய்வான்? இவன் தினம் ஒரு புதுத் தப்பு செய்கிறான். அதுவும் சுத்தபத்தமாக.

"நளினி, இவனுக்கு எல்லாம் தெரியும். வேணும்னே பண்றான்."

"எதுக்கு?"

"என்னிக்காவது நான் பதில் தெரியாம முழிக்கணும். அதை குரூப்ல திலீப் சார் பாக்கணும். அப்புறம் நான் வெளிய, அவன் உள்ள."

இருந்தாலும் பதிலைக் குரூப்பில் எழுதிப் போட்டாள். அடுத்த நிமிஷம் திலீப்பிடமிருந்து அவளுக்குத் தனியாக ஒரு செய்தி. பதினொரு மணிக்கு என் ரூமுக்கு வாங்க.

மேனேஜர் அவளைக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

பங்காரப்பேட்டையில் ரயில் நின்றதும் இறங்கி அடுத்த பெட்டிக்குப் போனாள். ரூபேஷ் ஜன்னலோரம் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"வாங்கக்கா, உக்காருங்க."

"அந்தப் புள்ளிய நீதானே வெச்சே?"

அவன் கை அப்படியே நின்றது. "ஆமாக்கா."

"போன வாரத்து வெள்ளைத் துண்டு?"

"அதுவும்தான். வரவர புதுசா ஒண்ணு யோசிக்கறதே பெரும்பாடா இருக்கு."

"ஏன்டா, என் வேலைய புடுங்கி நீ இன்னா பண்ணப் போறே?"

"ஐயோ அக்கா, போறது நான்தான். நம்ம ஊர்ல, ராபர்ட்சன்பேட்டையில சொந்தமா கடை போடறேன். சார்கிட்ட போன மாசமே சொல்லிட்டேன். அப்டின்னா செக்‌ஷனையே மூடிட்டு வேலைய வெளிய குடுத்துடலாம்னாரு."

கரோலின் எதிர் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"இப்ப மூடலை. செக்‌ஷன் இனிமே உங்க கையிலதான், நேத்து சாயங்காலம் சொல்லிட்டாரு. இன்னிக்கு உங்களை கூப்டிருப்பாரே?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவனைத் திட்டிய திட்டெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

"அதுக்கு ஏன் ரூபேஷ் இவ்ளோ கூத்து? ஒண்ணும் தெரியாதவன் மாதிரி தினம் நாலு பேர் முன்னாடி நீ ஏன் அசிங்கப்படணும்? எதுக்கு மூடறீங்க, கரோலின் இருக்காங்களேன்னு நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனேக்கா."

ரூபேஷ் இட்லிப் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினான்.

"யாரு கரோலின்னு கேட்டாரு."