தாழியின் வாய்

அணுக்கழிவைப் புதைக்கும் சுரங்கத்தை எந்த மண்ணால் அடைப்பது என்று முடிவுசெய்ய, மூவாயிரம் வருடத்து முதுமக்கள் தாழி ஒன்றை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மூடியைச் சுற்றியிருந்த களிமண் பூச்சை ஜெசிந்தா உளியால் பெயர்த்தாள். உள்ளே நெல் உலர்ந்தே கிடந்தது.

“ஒரு சொட்டுத் தண்ணி இறங்கல. இந்த மண்ணையே படிவத்துல எழுதிடும்மா,” என்றார் மேலதிகாரி தணிகாசலம்.

பெயர்ந்த பூச்சு நெடுக விரல் தடங்கள். யாரோ பயந்து பயந்து ஒரே இடத்தைத் திரும்ப அழுத்தியிருந்தார்கள். அவள் விரல்கள் அவற்றில் கச்சிதமாகப் பொருந்தின.

படிவத்தின் கடைசிக் கேள்வி, அடைப்பு எப்போது, எதனால் உடைந்தது என்பது.

“அதை விட்டுடு,” என்றார்.

‘இன்று காலை பத்தேகால்’ என்று எழுதினாள். காரணத்துக்கு வந்தபோதுதான், உளி இன்னும் தன் இடது கையில் இருப்பதைக் கவனித்தாள்.