அலமாரிக்குள் ஏறும் ஈரம்

"அந்த வாட்ச்மேன் மறுபடியும் ஸ்டோர் ரூமுக்குள்ள வெந்நீர் போடறார் மேடம்" என்றாள் பாப்பு போனில். அவள் மடிக்கணினித் திரையில் ஈரப்பதக் கோடு மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது.

பாப்பு என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். அருங்காட்சியகத்துக்கு அவள் பழம்பொருள் பராமரிப்பில் பயிற்சி பெறுபவள், அதுவும் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தபடியே. அங்கே பழம்பொருள்களைப் பூட்டிவைக்கும் காப்பறையின் அலமாரியில் இருக்கும் மரச்சிலைக்கு ஈரம் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. ஏறி இறங்கினால் மரம் வெடித்துவிடும்.

ஈரத்தை அளக்க, அருங்காட்சியகத்தில் அவளுக்கு மேலதிகாரியான மேடம் இரண்டு சின்ன வெள்ளைக் கருவிகள் வாங்கியிருந்தார், இரண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி. ஒன்றை அலமாரிக்குள் வைத்தார், மற்றதைப் பழகிப் பார்க்கச் சொல்லிப் பாப்புவுக்குக் கூரியரில் அனுப்பிவிட்டார். அனுப்பும் முன் மேடமே இரண்டுக்கும் பெயர் போட்டிருந்தார்; திரையில் 'அலமாரி', 'வீடு' என்று இரண்டு கோடுகள் ஓடின.

வீட்டுக் கோடு ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் நேராக ஓடியது. "நம்ம வீடு மியூசியத்தையே தூக்கிச் சாப்பிட்டுடும்மா" என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டாள்.

அலமாரிக் கோடுதான் அவளை இருக்கவிடாமல் அடித்தது. காலையிலும் மாலையிலும் தவறாமல் எகிறியது. எழுந்து நடந்தாள், உட்கார்ந்தாள், நகத்தைக் கடித்தாள். சிலை வெடித்தால் பழி தன் தலையில்தான் விடியும் என்று பயமாக இருந்தது.

காப்பறைச் சாவி காவலாளியிடம் மட்டும்தான் இருக்கிறது. அவரிடம் ஒரு மின்கெட்டிலும் இருக்கிறது. வேறு என்ன சாட்சி வேண்டும்?

அன்று மாலை மேடம் காவலாளியைத் தன் அறைக்கு வரவழைத்துவிட்டு, பாப்புவை வீடியோவில் கூப்பிட்டார்.

"சத்தியமா கெட்டிலை அந்த ரூம் வாசல் தாண்டிக் கொண்டுபோனதில்லம்மா" என்றார் காவலாளி. "இந்த வயசுல என்னை வேற யாரு வேலைக்கு வெச்சுப்பா?"

"சாவியை வெச்சுட்டுப் போங்க. நாளையிலேர்ந்து வர வேண்டாம்" என்றார் மேடம்.

சாவிக்கொத்து மேஜையில் விழுந்த சத்தம் பாப்புவுக்குக் கேட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துப் பார்த்தாள், சந்தோஷமே வரவில்லை. காவலாளியின் முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணைக் கோட்டின் பக்கம் திருப்பினாள்.

அலமாரிக் கோடு ஏறிக்கொண்டிருந்தது.

காவலாளி மேடத்தின் எதிரில் நிற்கிறார். சாவி மேஜைமேல் கிடக்கிறது. காப்பறை பூட்டிக் கிடக்கிறது. உள்ளே யாருமே இல்லை.

சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. கோடு இன்னும் ஒரு படி ஏறியது.

வீட்டுக் கருவியைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்றே அவளுக்கு நினைவில்லை. கை தானாக மேஜையைத் துழாவியது.

"அம்மா, இங்க ஒரு சின்ன வெள்ளைப் பொட்டி இருந்துச்சே, எங்க?"

"வந்த அன்னிக்கே எடுத்துக் குக்கர் பக்கத்துல வெச்சுட்டேனே."