கணவாய் கேட்ட இடம்

கடலடியில் ஒரு கப்பல் மூழ்கிக் கிடந்தது. போர் முடிந்ததும் யாரோ கடலில் வீசிய குண்டு ஒன்று அதன் மடியில் படுத்திருந்தது. இரண்டின் மீதும் துரு மெல்லப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது.

“நான் இருக்கிறவரைக்கும் உனக்கு ஒண்ணும் ஆகாதுடா,” என்று கப்பல் அடிக்கடி சொல்லும்.

“சரிண்ணே,” என்று மட்டும் சொல்லும் குண்டு.

ஒருநாள் வயிறு நிறைய முட்டையோடு ஒரு கணவாய் மீன் மிதந்து வந்து குண்டின் பக்கத்தில் நின்றது.

“அண்ணா, உங்க முதுகு சொரசொரப்பா இருக்கு. முட்டை நல்லா ஒட்டும். இங்கே வைக்கட்டுமா?”

குண்டிடம் இதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. அதற்கு ஆசையாக இருந்தது.

“தாராளமா வைம்மா. பய பரம சாது,” என்றது கப்பல்.

“வேண்டாம்மா,” என்றது குண்டு. “என் தோல் அரிச்சுப்போச்சு. உள்ளே இருக்கிற விஷம் அடிப்பக்கமா கசியுது. தூரமாப் போயிடு.”

கணவாய் நிறம் வெளுத்து, நீலத்துக்குள் கரைந்து போனது.

வெகுநேரம் கழித்துக் கப்பல் கேட்டது. “என்கிட்ட ஏன்டா சொல்லலை?”

“ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க அவ்வளவு சந்தோஷமா சொல்வீங்க. எப்படிண்ணே சொல்றது?”

கப்பலின் மேலிருந்து ஒரு துருத்தகடு பிரிந்து ஆடி ஆடி இறங்கியது.

மறுநாள் வெளிச்சம் தண்ணீருக்குள் இறங்கியதும் கப்பல் மெதுவாகக் கேட்டது.

“இன்னைக்கு எங்கேடா கசியுது?”