லாட்ஜுக்குப் பின்னால் ஒரு வெந்நீர் ஊற்று

பூமிக்கடியில் வெந்நீர் தேடி மேற்குத் தொடர்ச்சி மலையையே சல்லடை போட்டுச் சலித்துவிட்டாள் பெர்சிஸ். கடைசியில் அது குற்றாலத்தில், அவள் தங்கியிருந்த லாட்ஜின் பின்புறப் பாறையிலேயே கசிந்தது. கையை வைத்தால் கதகதவென்று இருந்தது!

நாளை பல்கலைக்கழகக் குழு பார்க்க வருகிறது. ஊற்று பொய்யென்றால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா.

"எல்லாம் உங்க ராசிம்மா," என்றார் லாட்ஜ்காரர் சிவனணைந்தபெருமாள். "நீங்க ஊருக்குப் போயிருந்தப்ப பச்சத்தண்ணிதாம்லா வந்துச்சு!"

அப்போது ஆய்வுக்கூடத்திலிருந்து போன் வந்தது.

"பெர்சிஸ், நீ அனுப்பின தண்ணியில கந்தகமே இல்ல. நல்லெண்ணெயும் சீயக்காயும்தான் இருக்கு."

குற்றாலத்துக்கு வந்ததிலிருந்து தினமும் எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிக்கும் பெர்சிஸுக்குத் தலை சுற்றியது.

"அண்ணாச்சி, என் ரூம்ல குளிக்கிற தண்ணி எங்க போகுது?"

"குழாய் உடைஞ்சு கெடக்கும்மா. அந்தப் பாறைக்குள்ளதான் எறங்குது."

"ஐயோ, நாளைக்குக் குழு வருதே!"

"வரட்டுமே! அத்தன பேரும் இங்கனதான தங்குதாங்க? எல்லாரும் எண்ணெய் தேச்சுக் குளிச்சா ஊத்து பொங்கிரும்லா!"